தங்கராஜு வேனின் முன்சீட்டு

கார் டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்றவள் நான். சோதனை அதிகாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் பிரேக் எந்தக் காலில் இருக்கிறது என்பது எனக்கு மறந்துவிடும். அதனால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற ஆசிரியையான நான், பிள்ளைகளோடு பிள்ளையாகப் பள்ளிக்கூட வேனில்தான் போய் வருகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்த வேனில் முன்சீட்டு என்னுடையது. ஒரே ஒரு காரியத்துக்குத் தவிர வேறு எதற்கும் அதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வேன் தங்கராஜு அண்ணனுடையது. நியாலாஸ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பள்ளியைப் பாதியில் விட்டு, பால்மரம் வெட்டி, பிறகு எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் பாதி ஆயுளைக் கழித்தவர். லோரி இஞ்சின் அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டது. மிச்சக் காதுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக வேனில் பாட்டை அலறவிடுவார். வேன் வருகிற சத்தத்தை வைத்தே தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அவர் ரேடியோ மாமா.

மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று, மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஆகவே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனிதருக்கு வேன் பிள்ளைகள்தான் வாய்த்தார்கள். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர், ஒரு கிண்டல். நாலாம் ஆண்டு ஷாந்தினிக்குத் துரைசாணி என்று பெயர். அந்தக் காலத்துத் தோட்டத் துரை பெண்டாட்டிகூட அவ்வளவு அதிகாரம் செய்திருக்கமாட்டாள். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பாட்டுச் சத்தம் கூடும்போதெல்லாம் அடிக்கோலால் அவருடைய சீட்டைத் தட்டுவாள்.

"மாமா, கொறைங்க லா. காது போவுது."

"ஒனக்குப் போனா என்ன, எனக்கு ஏற்கனவே போச்சு" என்பார் அவர். குறைக்கமாட்டார். அவள் மறுபடியும் தட்டுவாள். பள்ளிக்கூடம் வரும்வரை இந்தக் கூத்து நடக்கும், எனக்குத் தலைவலியும் வரும்.

முன்சீட்டை விட்டுக்கொடுக்கிற அந்த ஒரு காரியம் சாவு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாராவது இறந்துவிட்டால், பிணத்தை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் ரேடியோ பாடாது. அது தோட்டத்து வழக்கம். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்று, லயத்தை இடித்து, எல்லாரும் மலிவுவிலை வீடுகளுக்குப் போய்விட்ட பிறகு அந்த வழக்கமும் போய்விட்டது. தங்கராஜு அண்ணன் மட்டும் விடவில்லை. ஊரில் சாவு என்றால் வேனில் பாட்டு இல்லை. சாவு வீட்டுப் பிள்ளை வேனில் வந்தால் அதற்கு முன்சீட்டு. புவனேஷ் என்ற பையனின் அப்பா மோட்டார்சைக்கிளில் போய் லோரியில் மாட்டி இறந்தபோது, மறுவாரம் முழுக்க நான் பின்னால் புத்தகப்பைகளுக்கு நடுவில் மடங்கி உட்கார்ந்து வந்தேன். பாட்டு நின்றிருந்தால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட "யாரு மாமா?" என்று கேட்கும். அவர் பெயரைச் சொல்வார். அதன்பிறகு யாரும் பேசமாட்டார்கள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் போலீசும் பள்ளிக்கூடமும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். கோர்ப்பரல் நோர்லைலா என்ற போலீஸ்காரம்மா வந்து ஆசிரியர்களுக்கும் வேன் ஓட்டிகளுக்கும் மலாயில் விளக்கினார். ஒரு வீட்டில் போலீஸ் போகும்படி ஏதாவது நடந்து, அதைப் பிள்ளை பார்த்திருந்தால், மறுநாள் காலையில் தலைமையாசிரியருக்கு ஒரு செய்தி வரும். பிள்ளையின் பெயர், வகுப்பு, இன்று கவனமாக நடத்துங்கள் என்ற ஒரு வரி. அவ்வளவுதான். என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், நாமும் பிள்ளையைத் துருவக்கூடாது.

எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சண்டை அடுத்த தெருவுக்குப் போகும்போது அதற்குக் கை கால் முளைத்துவிடும். பிள்ளைக்காவது ஒரு மறைப்பு கிடைக்கட்டும் என்று நினைத்தேன். "கவனமாக என்றால் எப்படி?" என்று மட்டும் கேட்டேன். "மென்மையாக, சிக்கு" என்றார் அந்த அம்மா; டீச்சரை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மென்மையாக என்றால் எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மீகூன் வந்துவிட்டது. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டோம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் நான் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வேன் சத்தமில்லாமல் வந்து நின்றது. பாட்டு இல்லை.

"யாருண்ணே?"

"யாருமில்ல டீச்சர். நீங்க பின்னாடி ஏறுங்க."

அவர் என்னைத் தனியாக அழைத்துக் குரலைத் தணித்துச் சொன்னார். காலையிலேயே தலைமையாசிரியர் சுகுமாரன் போன் செய்திருக்கிறார். ஷாந்தினி பெயர் போலீசிலிருந்து வந்திருக்கிறது. அவளை வழக்கமான வீட்டில் ஏற்றவேண்டாம், தன் வீட்டில் ஏற்றவேண்டும் என்று பிள்ளையின் சித்தியும் காரணம் சொல்லாமல் செய்தி அனுப்பியிருக்கிறாள். மென்மையாக நடத்தவேண்டும். ஒன்றும் கேட்கக்கூடாது.

"என்னா மென்மைன்னு எனக்கு வெளங்கல டீச்சர். நான் வாயத் தொறந்தாலே கிண்டல்தான் வருது. அதான் பாட்ட நிறுத்திட்டேன். பிள்ளைக்கு முன்னாடி எடம் குடுத்துட்டேன். வாய மூடிக்கிட்டு ஓட்டப்போறேன்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதைவிட மென்மையாக நடத்த எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஷாந்தினி ஏற்கெனவே முன்சீட்டில் இருந்தாள். தலை சரியாக வாரியிருக்கவில்லை. நான் பின்னால் போய்ப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன்.

அடுத்த வீட்டில் ஏறிய பையன் பாட்டு இல்லாததைக் கவனித்துவிட்டு "யாரு மாமா?" என்று கேட்டான். "யாருமில்ல, சும்மா ஒக்காருடா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் இதுவரை வந்ததில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் முன்சீட்டைப் பார்த்தார்கள்.

பாதி வழியில், செம்பனை மரங்களுக்கு நடுவே வேன் போய்க்கொண்டிருந்தபோது ஷாந்தினி கேட்டாள்.

"எப்ப மாமா எடுக்கறாங்க?"

பின்னால் இருந்த எனக்கு அது நன்றாகக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கவேண்டும், ஏனென்றால் வேன் கொஞ்சம் ஆடி நேரானது. எப்போது எடுக்கிறார்கள் என்று எங்களில் ஒருவர் கேட்டால் அது ஒரே ஒரு விஷயத்தைத்தான் குறிக்கும். பிணம் எடுக்கிற நேரம்.

"தெரியலம்மா" என்றார் அவர், அவ்வளவு மென்மையாக. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. ஷாந்தினி தலையாட்டிக்கொண்டு கையை மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை.

பள்ளி வாசலில் பிள்ளைகள் இறங்கியதும் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது. "பிள்ளையோட ஆத்தா போயிட்டா டீச்சர். உஷாராணி போயிட்டா. பிள்ளையே கேக்குது, எப்ப எடுக்கறாங்கன்னு. எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? துக்கத்த இப்படியா மறைப்பாங்க?"

நான் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். சுகுமாரன் சார் நல்ல மனிதர், ஆனால் எந்த முடிவையும் மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு நாலாவது பக்கம் இருக்கிறதா என்று தேடுவார். கைப்பேசியை என்னிடமே காட்டினார். பெயர், வகுப்பு, கவனமாக நடத்துங்கள். வேறு ஒன்றுமில்லை.

"சாவுன்னு சொல்லலையே, டீச்சர்."

"சாவு இல்லன்னும் சொல்லலையே, சார்."

அவர் கோர்ப்பரல் அம்மாவுக்குப் போன் செய்தார். அந்த அம்மா கோர்ட்டில் இருந்தார் போலிருக்கிறது, போன் அணைந்திருந்தது. பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, செய்தார். எடுத்தவர், இதுபற்றிக் கோர்ப்பரலிடம்தான் பேசவேண்டும், வந்ததும் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொன்னார். சித்திக்குச் செய்தார். அவள் பாக்டரி வேலையில் இருப்பவள், உள்ளே போனால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பிள்ளையைக் கேட்கலாமா என்றேன். "கேக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே" என்று நெற்றியைத் தேய்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். எதற்கும் இன்னும் கொஞ்சம் மென்மையாக இருப்போம் என்றார்.

பள்ளிக்கூடமே மென்மையானது. வகுப்பாசிரியை ஷாந்தினியிடம் வீட்டுப்பாடம் கேட்கவில்லை. மற்றவர்களிடம் வாங்கிவிட்டு அவள் மேசையை மட்டும் தாண்டிப் போனார். சபைகூடலில் முன்வரிசையில் நிற்கிறவளை நிழலில் உட்காரச் சொன்னார்கள். ஓய்வு நேரத்தில் கேண்டீனுக்குப் போனால், முத்தாயி அக்கா அவள் தட்டில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வைத்திருந்தார், நெத்திலியும் முட்டையும் இல்லாமல். மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் முட்டை இருந்தது. அக்காவிடம் யார் சொன்னது என்று தெரியவில்லை. சாவு வீட்டுப் பிள்ளைக்குக் கவிச்சி கொடுக்கக்கூடாது என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியும். தலையைத் தடவிவிட்டு, வெறும் சோற்றையும் வெள்ளரிக்காயையும் கொடுத்தார்.

ஷாந்தினி அந்தத் தட்டைப் பார்த்தாள். பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், நான் இனிமே சித்தி வீட்லதான் இருக்கணுமா?"

"அதெல்லாம் பெரியவங்க பாத்துக்குவாங்கம்மா" என்றேன். பெரியவர்கள் என்ற அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி, எனக்கோ ஒரு மண்ணும் தெரியாது. அவள் மறுபடியும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்கு எரிச்சலாக வந்தது. துரைசாணி என்றால் எதிர்த்துப் பேசவேண்டும்.

தங்கராஜு அண்ணன் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிற ஜாசினில் இருந்தார். பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட்கக்கூடாது என்றுதானே சொன்னார்கள், போகக்கூடாது என்று சொல்லவில்லையே என்று வண்டியைத் திருப்பிவிட்டார். வழியில் பூக்கடையில் ஒரு மாலை வாங்கினார், கனமான ரோஜா மாலை. வெறுங்கையோடு எப்படிப் போவது? ஆஸ்பத்திரியில் நேரே சவக்கிடங்கைத் தேடிப் போய் உஷாராணி பெயரைச் சொன்னார். அங்கிருந்த மலாய்ப் பையன் தேடிப் பார்த்துவிட்டு, "இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை, பாக்சிக். மேலே வார்டில் கேட்டுப் பாருங்கள்" என்றான்.

இவருக்கு அது விளங்கவில்லை. இறந்தவளை எதற்கு வார்டில் வைத்திருக்கிறார்கள் என்று மாலையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். பார்வையாளர் நேரம் வரும்வரை மாலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. கடைசிக் கட்டிலில் உஷாராணி தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கட்டு, வாயோரம் தையல், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"அடி பாவி, உயிரோடதான் இருக்கியா" என்று இவர் போட்ட சத்தத்தில் நர்ஸ் மிஸ்ஸி ஓடிவந்துவிட்டாராம். இதைப் பிறகு அவரே சொன்னார். உஷாராணி ஒற்றைக் கண்ணால் அவர் கையிலிருந்த மாலையைப் பார்த்தாள். இவர் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

முதல் நாள் நடந்தது இதுதான். புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்திருக்கிறான். பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் பாலாயில் இருக்கிறான். அம்மாவைக் கண் திறக்காத நிலையில் ஆம்புலன்சில் ஏற்றியதை ஷாந்தினி பார்த்திருக்கிறாள். அதன்பிறகு யாரைக் கேட்டாலும் அம்மா நல்லா இருக்காங்க என்று சொன்னார்கள். சொன்ன யாரும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பாட்டில்லாத வேன் வந்து, முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டது.

இவர் தன் கைப்பேசியை நீட்டி, பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசு என்றிருக்கிறார். உஷாராணி தையல் போட்ட வாயைக் காட்டினாள். பேசினால் குழறுகிறது, அந்தக் குரலைக் கேட்டால் பிள்ளை பயந்துவிடும் என்று கையால் சொன்னாள். படம் எடுக்கவும் விடவில்லை. வீக்கம் வடியட்டும் என்றாள். அதனால் இவர் எனக்குப் போன் செய்தார். நான் ஓடினேன். ஷாந்தினியை வகுப்பிலிருந்து வெளியே அழைத்து, தோளில் கைவைத்து, எனக்குத் தெரிந்த மென்மையையெல்லாம் திரட்டிச் சொன்னேன். "அம்மா நல்லா இருக்காங்கம்மா. மாமா நேர்ல பாத்தாரு."

"ம்" என்றாள். "சித்தியும் அப்படித்தான் சொன்னாங்க."

உண்மையைத்தான் சொன்னேன். அது பொய்யைப் போலவே வெளியே வந்தது.

பள்ளி விட்டதும் அவள் யாரும் சொல்லாமலே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தேன். சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பை கசங்கும் சத்தம் கேட்டது. அவள் குனிந்து பார்த்தாள். மாலை. இறந்தவளுக்கு என்று வாங்கியதைச் சாமிக்கும் போடமுடியாது, வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணன் அதைச் சீட்டுக்கடியில் தள்ளிவைத்திருந்தார்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். பிள்ளைகள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஷாந்தினிம்மா, அது சும்மா வாங்குனதும்மா. ஒங்கம்மாவ நான் பாத்தேன். நல்லா இருக்காங்க." அவர் குரல் தேனாக வழிந்தது. எனக்கே நம்பத் தோன்றவில்லை.

ஷாந்தினி மாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போட விடலையா மாமா?"

தங்கராஜு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் முகம் சிவந்தது. குலை லோரி சேற்றில் மாட்டினால் வருமே, அந்தக் கோபம்.

"எறங்குடி" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"எறங்குன்னு சொல்றேன். அது டீச்சர் சீட்டு. ஒனக்கு எவன் குடுத்தான்? வயசான பொம்பளய பைக்கு நடுவுல நசுக்கிட்டு, நீ முன்னாடி ஒய்யாரமா ஒக்காந்து வர்றியா? சாவு வீட்டுப் பிள்ளைக்குத்தான் முன் சீட்டு. ஒங்க வீட்ல என்ன சாவு? ஒங்கம்மா அங்க ஒக்காந்துகிட்டு கஞ்சியில உப்பில்லன்னு மூஞ்சிய சுளிச்சிகிட்டு இருக்கா. பின்னாடி போ, துரைசாணி."

வயசான பொம்பளை என்றதை நான் இன்னும் மறக்கவில்லை. ஷாந்தினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் எங்கேயாவது மென்மை இருக்கிறதா என்று தேடினாள் போலிருக்கிறது. இல்லை. மெதுவாக இறங்கி, வேனைச் சுற்றிப் போய், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவர் மாலையைப் பையோடு உருவி எடுத்து ரோட்டோரக் கால்வாயில் வீசினார். நான் என் சீட்டில் ஏறினேன்.

பிறகு பாட்டைப் போட்டார். முழுச் சத்தத்தில். வாசலில் சுகுமாரன் சார் பதறி ஓடிவந்து, குறை, குறை என்று இரண்டு கையையும் ஆட்டினார். அவர் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. வேன் கிளம்பிவிட்டது.

செம்பனை மரங்கள் வரும்வரை பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. நாங்கள் செய்தது சரியா, பிள்ளையை மேலும் குழப்பிவிட்டோமா என்று ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் தாடை இறுகியிருந்தது.

சீட்டில் அடிக்கோல் தட்டியது.

"மாமா, கொறைங்க லா. காது போவுது."

அவர் குறைக்கவில்லை. மறுபடியும் தட்டியது. இந்த முறை ஷாந்தினி அழுதுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அழாதவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாட்டுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டாள்.

"எப்ப மாமா வருவாங்க?"

"தெரியாது" என்று இவரும் கத்தினார். "சாயந்தரம் கூட்டிகிட்டுப் போறேன். நீயே கேளு."